ஆய்வுக் கட்டுரையும் திருத்தும் கையும்

22 பக்கங்கள் கொண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று, அனுப்பிய இடத்திலிருந்து திரும்பி வந்தது. உடன் வந்த கடிதத்தில் இரண்டே வரிகள்: "நடை, தொனி, சுருக்கம், இலக்கணம் ஆகிய நான்கிலும் திருத்தம் தேவை. திருத்தி அனுப்பினால் மீண்டும் பரிசீலிக்கலாம்."

எழுதியவர் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் இளம் பெண். என் நண்பரின் மகள். கட்டுரையையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு தந்தையும் மகளும் ஒரு மாலையில் என் வீட்டுக்கு வந்தார்கள். நண்பர் கொதித்துப் போயிருந்தார். "காக்கா, நம் இலக்கியத்தைப் பற்றி நம்மவர் எழுதினால் இப்படித்தான் திருப்பி அனுப்புவார்கள். ஏதாவது காரணம் சொல்ல வேண்டுமே என்பதற்காக இலக்கணத்தைச் சொல்கிறார்கள்" என்றார். மகள் ஒன்றும் பேசவில்லை.

நண்பரின் ஐயம் முற்றிலும் வீண் என்று நான் சொல்லமாட்டேன். தமிழ் இலக்கிய வரலாறு எழுதியோருள் பலர், நம் இலக்கியத்தைச் சீறாப்புராணத்தில் தொடங்கிச் சீறாப்புராணத்திலேயே முடித்துக்கொண்டதுண்டு. அந்தப் பாராமுகம் நம்மவர் நெஞ்சில் ஆறாத புண்ணாக இருக்கிறது. ஆனால் அன்றிரவு கட்டுரையைப் படித்து முடித்தபோது, கடிதம் சொன்ன நான்கும் உண்மை என்றே எனக்குப் பட்டது. அதைவிடப் பெரிய செய்தி ஒன்றும் தெரிந்தது. கட்டுரையின் 14ஆம் பக்கத்தில் ஒரு முத்து கிடந்தது. அதுவரை எவரும் பொறுமையோடு படித்திருக்க மாட்டார்கள்.

அந்த முத்து இதுதான். அவருடைய பாட்டியார் வீட்டுப் பரணில் அறபுத் தமிழில் எழுதிய கையெழுத்து ஏடு ஒன்று கிடைத்தது. தொழுகை, நோன்பு ஆகியவற்றின் சட்டங்களை வினா விடையாகக் கூறும் சிறிய ஏடு. தமிழை அறபு எழுத்துக்களால் எழுதும் முறையே அறபுத் தமிழ் என்பதையும், அறபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அவ்வெழுத்துக்களோடு புள்ளிகளும் குறிகளும் சேர்த்து நம் முன்னோர் புதிய எழுத்துக்களை அமைத்துக்கொண்டனர் என்பதையும் வாசகர்கள் அறிவார்கள். தமிழகத்திலும் இலங்கையிலும் நம் பாட்டிமார் பலர் மார்க்கம் கற்றதும் கடிதம் எழுதியதும் இவ்வெழுத்தில்தான். பரணில் கிடைத்த ஏட்டை எழுதியவர், ழகரம் வர வேண்டிய இடங்களில் ளகரத்துக்குரிய எழுத்தை எழுதியிருக்கிறார். பழம் என்பது 'பளம்' என்றும், கிழமை என்பது 'கிளமை' என்றும் அதில் காணப்படுகின்றன.

இது எழுதத் தெரியாதவர் செய்த பிழை போலத் தோன்றலாம். ஆனால் தமிழ் எழுத்தில் பயின்றவரின் நா 'பளம்' என்று சொன்னாலும் கை 'பழம்' என்றே எழுதும். பள்ளிக்கூடம் அப்படிப் பழக்கிவிடுகிறது. அறபுத் தமிழ் மட்டும் அறிந்த ஒருவர், காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதியிருக்கலாம். அவ்வாறாயின் அந்த ஏடு, ஓர் ஊரார் ஒரு காலத்தில் பேசிய ஒலியைப் பதிந்து வைத்திருக்கும் சான்றாகிறது. மொழி ஆய்வாளர் எவரும் விரும்பிப் படிக்கக்கூடிய செய்தி இது. அதைத்தான் முன்னே 13 பக்கங்களும் பின்னே 8 பக்கங்களும் மூடி வைத்திருந்தன.

அந்தக் கட்டுரையை நாங்கள் இருவரும் எட்டு மாலைகள் உட்கார்ந்து திருத்தினோம். அப்போது கண்டவை இந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் உரியவை அல்ல. நம் கல்லூரிகளிலிருந்தும் கருத்தரங்குகளிலிருந்தும் வெளிவரும் எத்தனையோ கட்டுரைகளில் நான் கண்டவையே அவை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மேடையிலிருந்து இறங்காத நடை

கட்டுரையின் முதல் வாக்கியம் இவ்வாறு இருந்தது: "தரணி போற்றும் தகைசால் தமிழில், தேனினும் இனிய தெவிட்டாத காவியமாம் சீறாப்புராணத்தை ஈந்து, தமிழ்த்தாயின் திருமுடியில் ஒளிவீசும் மாணிக்கமாய்த் திகழும் உமறுப் புலவரின் பெருமையை எடுத்தியம்ப ஏடும் எழுத்தும் போதுமோ என்பது எண்ணிப் பார்க்கத்தக்கதாகும்."

"இந்த வாக்கியம் என்ன செய்தியைச் சொல்கிறது?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, "சீறாப்புராணத்தை இயற்றியவர் உமறுப் புலவர்" என்றார். "அதை அறியாதவர் உன் கட்டுரையைப் படிப்பாரா?" என்றேன். சிரித்துக்கொண்டே தாமே கோடிட்டு அடித்தார்.

இந்த நடை எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிவோம். 1973இல் திருச்சியிலும் 1979இல் கொழும்பிலும் நடந்த இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகள் நமக்குப் பெருந்தொண்டு செய்தன. மறந்து கிடந்த நூல்களின் பெயர்கள் மக்கள் காதில் விழுந்தன. இளைஞர் பலர் ஆய்வில் இறங்கினர். ஆனால் மாநாட்டில் கட்டுரை என்பது படிக்கப்படுவது, எதிரே கூட்டம் இருக்கிறது, கைதட்டல் வேண்டும். எதுகையும் மோனையும் அங்கே பயன்படும். அதே கட்டுரையைத் தாளில் தனியே படிப்பவர் கைதட்டமாட்டார். சான்று எங்கே என்று தேடுவார். மேடைக்கு எழுதியதை மேடையிலிருந்து இறக்காமலே அச்சுக்குக் கொடுப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது.

இன்னொரு நோய் இதற்கு நேர்மாறானது. அலங்காரம் இல்லாத இடங்களில் அலுவலகத் தமிழ் வந்துவிடுகிறது. கட்டுரையின் உயிரான வாக்கியமே இப்படித்தான் இருந்தது: "இவ்வேட்டின் எழுத்துக்களானவை ஆய்வு செய்யப்பட்டதன் அடிப்படையில், ழகர ளகர வேறுபாடானது காணப்படாத ஒரு நிலையே நிலவுகின்றது என்பது அறியப்படுகின்றது." ஆய்வு செய்தவர் யார்? அறிந்தவர் யார்? எழுதியவர் யார்? ஒருவரும் இல்லை. எல்லாம் தாமாகவே நிகழ்கின்றன. "இவ்வேட்டை எழுதியவர் ழகரத்தையும் ளகரத்தையும் ஒரே எழுத்தால் குறிக்கிறார்" என்று மாற்றினோம். வாக்கியத்துக்குள் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்தார். அவர் கையில் எழுதுகோலும் இருந்தது.

செயப்பாட்டு வினை கூடாது என்பதில்லை. செய்தவரைத் தெரியாதபோதும், செய்தவர் முக்கியமல்லாதபோதும் அது வேண்டும். செய்தவரை ஒளித்து வைப்பதற்காக அதைப் பயன்படுத்துவதே தவறு.

தொனி என்னும் தராசு

நடை சொற்களைப் பற்றியது. தொனி, அச்சொற்களை எவ்வளவு உறுதியோடு சொல்கிறோம் என்பதைப் பற்றியது. நம் கட்டுரைகளில் இரண்டு தொனிகளே அதிகம் கேட்கின்றன. "எவராலும் மறுக்க முடியாது", "ஐயத்திற்கிடமின்றி", "உலகிலேயே முதன்முதலாக" என்பது ஒன்று. "இருக்கக்கூடும் எனக் கருத இடமுண்டு எனலாம்" என்பது மற்றொன்று. முன்னது சான்றைத் தாண்டி ஓடுகிறது. பின்னது சான்று இருந்தும் அதன் பின்னால் பதுங்குகிறது. ஒரே பக்கத்தில் இரண்டும் வருவதுண்டு.

உமறுப் புலவரையே எடுத்துக்கொள்வோம். எட்டயபுரம் அரசவையில் வடநாட்டுப் புலவர் ஒருவரை அவர் இளமையிலேயே வாதில் வென்றார் என்பது செவிவழிச் செய்தி. அபுல் காசிம் மரைக்காயர் அவரை ஆதரித்தார் என்பதற்குக் காவியத்துக்குள்ளேயே சான்று இருக்கிறது. புலவரே அவரைப் போற்றிப் பாடியிருக்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் ஒரே உறுதியோடு எழுதினால் என்ன ஆகும்? செவிவழிச் செய்தி உயர்ந்துவிடாது. சான்றுள்ள செய்தியும் சேர்ந்து ஐயத்துக்குள்ளாகும். "என்று கூறுவர்" என்று முன்னதையும், "என்பதை நூலே காட்டுகிறது" என்று பின்னதையும் எழுதிவிட்டால், படிப்பவருக்கு நிறை தெரிந்துவிடும்.

இந்த நுட்பம் நமக்குப் புதிதன்று. ஹதீஸ் கலை வல்லுநர்கள், "இன்னார் எங்களுக்கு அறிவித்தார்" என்பதற்கும் "இன்னாரைத் தொட்டும்" என்பதற்கும் வேறுபாடு கண்டு, அறிவிப்பின் வலிமையை அளந்தார்கள். ஒரு சொல்லின் உறுதியில் அத்தனை கவனம் செலுத்திய மரபை அறிந்தவர்கள், ஒரு புலவரின் வரலாற்றை எழுதும்போது மட்டும் அக்கவனத்தைக் கைவிடுவானேன்?

எங்கள் கட்டுரைக்கு வருகிறேன். ஏட்டில் 'எங்கும்' ழகரத்துக்குத் தனி எழுத்து இல்லை என்று அவர் எழுதியிருந்தார். "எண்ணிப் பார்த்தாயா?" என்றேன். இல்லை. மறுநாள் ஏட்டைத் தொடக்கத்திலிருந்து பார்த்தார். ஒரு சில இடங்களில் ழகரத்துக்குரிய தனி எழுத்து இருப்பது தெரிந்தது. 'எங்கும்' என்ற சொல் 'பெரும்பாலும்' என்று மாறிற்று. விதிவிலக்கான இடங்களின் பட்டியலும் சேர்ந்தது. உறுதி சற்றுக் குறைந்தது. நம்பிக்கை பல மடங்கு கூடிற்று.

சுருக்கமும் அதன் எல்லையும்

கட்டுரை எழுதும் முறையை மேல்நாட்டாரிடமிருந்துதான் கற்க வேண்டும் என்று எண்ணுபவர்கள், நம் வீட்டு நன்னூலை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூலின் பாயிரத்தில், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தும், நூலுக்கு உரிய அழகுகள் பத்தும் கூறப்பட்டுள்ளன. கட்டுரையின் ஓரத்தில் நான் எழுதிய குறிப்புகளெல்லாம் அந்தக் குற்றங்களின் பெயர்களே.

முதல் பக்கத்தில் 'மிகைபடக் கூறல்' என்று எழுதினேன். அறபியர்க்கும் தமிழ்க் கடற்கரைக்கும் இருந்த வாணிகத் தொடர்பைப் பற்றி ஐந்து பக்கங்கள் இருந்தன. நல்ல செய்திகள்தாம், ஆனால் ஏட்டின் எழுத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அங்கே 'மற்றொன்று விரித்தல்' என்று எழுதினேன். அறபுத் தமிழின் விளக்கம் மூன்று இடங்களில் வந்திருந்தது. அது 'கூறியது கூறல்'. முடிவுரை நன்றாகத் தொடங்கி, அறிஞர்களுக்கு நன்றியாகி, சமுதாயத்துக்கு அறைகூவலாகி, துஆவில் முடிந்தது. 'சென்று தேய்ந்து இறுதல்' என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. துஆவை அவர் தம் உள்ளத்தில் வைத்துக்கொள்ளலாம். முடிவுரையில் முடிவு இருக்க வேண்டும்.

சுருக்குவதால் கிடைக்கும் நன்மை, தாள் மிச்சமாவது மட்டுமன்று. பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "ஹிஜ்ரி 1290 என்னும் பொன்னான காலக் குறிப்பைத் தன்னகத்தே தாங்கி நிற்கும் இவ்வேடானது, இருபதாம் நூற்றாண்டின் விடியற்பொழுதில் 1912ஆம் ஆண்டில் மலர்ந்த அரும்பெரும் பொக்கிஷம் என்பது சொல்லாமலே விளங்கும்." பொன்னையும் பொக்கிஷத்தையும் எடுத்துவிட்டு, "ஏட்டில் ஹிஜ்ரி 1290 என்ற குறிப்பு உள்ளது, அது கி.பி. 1912" என்று எழுதியதும், இரண்டு எண்களும் ஆடையின்றி அருகருகே நின்றன. உடனே தவறு கண்ணில் பட்டது.

அவர் 1290உடன் 622ஐக் கூட்டியிருந்தார். ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைக் கொண்டு கணக்கிடுவது. கிறிஸ்தவ ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது. ஆகவே 33 ஹிஜ்ரி ஆண்டுகள் கிட்டத்தட்ட 32 கிறிஸ்தவ ஆண்டுகளுக்குச் சமம். 1290ஐ 33ஆல் வகுத்தால் வருவது 39. அதைக் கழித்து, மிஞ்சும் 1251உடன் 622ஐக் கூட்டினால் 1873 கிடைக்கும். ஏடு அவர் நினைத்ததைவிட 39 ஆண்டுகள் பழையது! பொக்கிஷம் என்று புகழ்ந்த வாக்கியமே பொக்கிஷத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டியிருந்தது.

ஆனால் சுருக்கத்துக்கும் எல்லை உண்டு. நான் அடிக்கச் சொன்ன உற்சாகத்தில், ஏட்டின் நீள அகலம், தாள்களின் எண்ணிக்கை, மையின் நிறம், அது கிடைத்த இடம் ஆகியவற்றையும் அவர் அடித்துவிட்டார். அவற்றைத் திரும்ப எழுதச் சொன்னேன். நன்னூலார் மிகைபடக் கூறலை மட்டும் குற்றம் என்று சொல்லவில்லை. குன்றக் கூறலையும் குற்றம் என்கிறார். சுருங்கச் சொல்லலை அழகு என்றவர், விளங்க வைத்தலையும் அதனோடு சேர்த்தே அழகு என்கிறார். படிப்பவர் சரிபார்த்துக்கொள்வதற்கு எவை வேண்டுமோ அவை இருக்க வேண்டும். எழுதியவர் தம்மைப் பெரிதாகக் காட்டிக்கொள்வதற்காகச் சேர்த்தவையே போக வேண்டும்.

பிறகு வரிசையை மாற்றினோம். 14ஆம் பக்கத்தில் கிடந்த செய்தி முதல் பத்திக்கு வந்தது. 'முறையின் வைப்பு' என்று நன்னூல் சொல்லும் அழகு இதுதான்.

ஒரு புள்ளியின் விலை

இலக்கணம் என்றதும் நம் ஆய்வாளர்கள் முகம் சுளிக்கிறார்கள். "பொருள் விளங்கினால் போதாதா?" என்கிறார்கள். பொருள் விளங்குவதற்குத்தான் இலக்கணம்.

கட்டுரையில் பல இடங்களில் 'அறபு தமிழ்' என்று இருந்தது. இடையே ஒற்று இல்லாவிட்டால் உம்மைத் தொகையாகி, அறபும் தமிழும் என்று பொருள்படும். 'அறபுத் தமிழ்' என்றால்தான் அறபு எழுத்திலான தமிழ். 'அறபு தமிழ்ச் சொற்கள்' என்றால் இரு மொழிகளின் சொற்கள். 'அறபுத் தமிழ்ச் சொற்கள்' என்றால் ஒரே மரபின் சொற்கள். கட்டுரையின் பொருளே இந்த ஓர் ஒற்றில் தொங்குகிறது. புள்ளி வைத்தும் புள்ளி நீக்கியும் எழுத்தை வேறுபடுத்திய மரபைப் பற்றி எழுதுபவர், தம் எழுத்தில் ஒரு புள்ளியை அலட்சியம் செய்யலாமா?

"ஏடுகள் கிடைத்துள்ளது" என்பதை "கிடைத்துள்ளன" என்று திருத்தினோம். "ஒவ்வொரு தாள்களிலும்" என்பது "ஒவ்வொரு தாளிலும்" ஆயிற்று. ஒரே கட்டுரையில் உமறு, உமர், உமறுப்புலவர் என்று மூவர் உலவினர். ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டோம். ஓர் இடத்தில் இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். "பல்லாண்டுகளாகப் பரணில் தூசி படிந்து கிடந்த என் பாட்டியாரின் ஏடு" என்று இருந்தது. பரணில் தூசி படிந்து கிடந்தவர் பாட்டியாரா, ஏடா? "பாட்டியாரின் ஏடு பல்லாண்டுகளாகப் பரணில் தூசி படிந்து கிடந்தது" என்று மாற்றி, அம்மையாரைப் பரணிலிருந்து இறக்கினோம்.

திருத்தக் கூடாதவை

இதுவரை சொன்னவை எளியவை. இனிச் சொல்லப்போவது ஒன்றுக்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

திரும்பி வந்த படியின் ஓரங்களில் பென்சிலால் சில திருத்தங்கள் இருந்தன. பெரும்பாலானவை சரியானவை. ஆனால் ஏட்டிலிருந்து எடுத்துக் காட்டிய 'நோன்பு திறத்தல்' என்ற தொடரை அடித்து, 'உண்ணாவிரதத்தை முடித்தல்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். நோன்பைத் திறப்பது என்பது நம் வீடுகளில் வழிவழியாக வழங்கும் தமிழ். திருத்தியவருக்கு அது பிழையாகத் தோன்றியது. ஏனென்றால் அவர் அதைக் கேட்டதில்லை. தமக்குப் பழக்கமில்லாததையெல்லாம் பிழை என்று எண்ணுவது திருத்துவோரின் நோய். அந்தத் திருத்தத்தை ஏற்க வேண்டாம் என்றும், காரணத்தை ஒரே வாக்கியத்தில் பணிவாக எழுதி அனுப்பலாம் என்றும் சொன்னேன். நண்பர் அன்று வந்திருந்தார்; "பார்த்தீர்களா காக்கா, நான் சொன்னேனே!" என்று மகிழ்ந்தார்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஏட்டின் பகுதிகளைத் தமிழ் எழுத்தில் தந்திருந்த பக்கத்தைப் புரட்டினேன். பழம், கிழமை, தொழுகை என்று எல்லா ழகரங்களும் ஒழுங்காக நின்றன. ஏட்டில் அப்படி இல்லை என்பதுதானே கட்டுரையின் வாதம்? "ஏட்டில் உள்ளபடி ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன்.

நீண்ட நேரம் அவர் தலை குனிந்திருந்தார். பிறகு சொன்னார்: "பாட்டியா ஓதிய ஏடு, மாமா. அதில் இத்தனை எழுத்துப்பிழை என்று மற்றவர்களுக்குக் காட்ட மனம் வரவில்லை."

நண்பரும் நானும் பேசாமல் இருந்தோம். கட்டுரை முழுவதையும் அப்போதுதான் நான் புரிந்துகொண்டேன். தரணி போற்றும் தகைசால் சொற்களெல்லாம் ஏன் வந்தன என்பதும் விளங்கிற்று. பிறர் நம்மைக் குறைத்து எண்ணிவிடுவார்களோ என்ற அச்சம், சொந்த நடையில் பட்டாடை உடுத்தச் சொல்கிறது. பாட்டியாரின் எழுத்தில் பட்ட கறையைத் துடைக்கச் சொல்கிறது. அவர் தம் எழுத்தில் திருத்த வேண்டியதைத் திருத்தவில்லை. ஏட்டில் திருத்தக் கூடாததைத் திருத்திவிட்டார். பென்சிலால் 'நோன்பு திறத்தலை' அடித்தவர் செய்ததும், அன்பினால் 'பளத்தை' பழமாக்கிய பேத்தி செய்ததும் ஒன்றே. இருவரும் சான்றை அழித்தார்கள். கட்டுரையைத் திருப்பி அனுப்பியவர் அந்த வாதத்தை நம்பவில்லை என்றால், அதற்குக் காரணம் நாமே. நம்புவதற்கு உரியதை நாம் அவர் கண்ணில் காட்டவே இல்லை.

"அந்தப் பிழைகளுக்காகத்தானே உன் பாட்டியாரின் ஏட்டை உலகம் படிக்கப் போகிறது?" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அன்றிரவே எடுத்துக்காட்டுகள் அனைத்தும் ஏட்டில் உள்ளபடி திரும்பின.

ஆய்வுக் கட்டுரையைத் திருத்துவோர் ஒரு கோட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோட்டுக்கு இப்பால் உள்ளவை ஆய்வாளரின் சொற்கள். அங்கே கை தயங்க வேண்டியதில்லை. அடிக்கலாம், மாற்றலாம், இடம் பெயர்க்கலாம். கோட்டுக்கு அப்பால் உள்ளவை மூலத்தின் சொற்கள். அங்கே ஓர் ஒற்றையும் தொடக் கூடாது. விளக்கம் வேண்டுமானால் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். மூலத்தை உள்ளபடி விட்டுவிடுவதும், நம் பேச்சைக் குறைத்துக்கொள்வதும் ஒரே மரியாதையின் இரு பக்கங்கள்.

1953இல் டாக்டர் ம.மு. உவைஸ் அவர்கள் தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணியைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டு, நம் நூல்களையும் புலவர்களையும் அறிஞர் உலகத்தின் முன் வைத்தார். அந்த வழியில் வந்தவர்களுக்கு இன்னும் ஏராளமான வேலை இருக்கிறது. எத்தனையோ வீடுகளின் பரண்களில் ஏடுகள் இருக்கின்றன. கறையானுக்கு முந்திக்கொண்டு அவற்றை எடுப்பவர்கள் நம் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும். எடுத்ததைப் பற்றி எழுதும்போது, கண்டதைக் கண்டபடி எழுதும் துணிவையும் அவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டும்.

22 பக்கக் கட்டுரை 9 பக்கங்களாயிற்று. மறுபடியும் அனுப்பினார். சில வாரங்களில் கடிதம் வந்தது. இம்முறை நடையைப் பற்றியும் தொனியைப் பற்றியும் அதில் ஒரு சொல்லும் இல்லை. 'நோன்பு திறத்தல்' அப்படியே இருக்கட்டும் என்று இருந்தது. அதன் கீழே ஒரு கேள்வி: "ழகரமும் ளகரமும் ஒன்றாகும் இந்த ஏட்டில், ணகர னகரங்கள் எப்படி எழுதப்பட்டுள்ளன?"

நண்பர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "இன்னும் சம்மதம் சொல்லவில்லையே?" என்றார்.

மகள் அதற்குள் ஏட்டை விரித்து, முதல் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டார்.